தோளில் ஏறும் நட்சத்திரங்கள்

கேள்வி: ஆலைகளில் சர்வீஸ் கணக்கைச் சொல்லிப் பதவி உயர்வு கேட்கிறோம், இராணுவ அதிகாரிகளுக்கும் அப்படித்தானா? சிபாரிசு செல்லுமா?
(ஒரு வாசகர், வள்ளூர்)

பதில்: லெப்டினன்ட் கர்னல் பதவி வரையில், உரிய பரீட்சைகளில் தேறிக் களங்கமின்றிச் சேவை புரிந்தவருக்குக் காலதேவனே நட்சத்திரம் சூட்டிவிடுகிறான், கர்னல் பதவி வந்ததும் அவன் கைவிரித்துவிட, மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய இரகசிய அறிக்கைகளையும், வகித்த பொறுப்புகளையும், பெற்ற விருதுகளையும் சீர்தூக்கிப் பார்க்கும் தேர்வுக் குழுவின் முன் அவர் நிற்க வேண்டியதாகிறது. இடங்களோ மிகச் சில. ஆகவே திறமைசாலிகள் பலரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

சிபாரிசைக் கேட்டீர்கள். சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனின் குமாரர் பி.பி. குமாரமங்கலம் 1966-இல் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிப் படையுடன் நின்று டி.எஸ்.ஓ. விருது பெற்ற வீரர் அவர். தகப்பனார் பெயர் பாலைவனத்தில் குண்டைத் தடுக்காது, ஐயா!

சிகரத்தில் மட்டும் தேர்வு மத்திய மந்திரிசபையின் நியமனக் குழுவைச் சேர்ந்தது. 1983-இல் துணைத் தலைமைத் தளபதி எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யா நியமனம் பெற, சின்ஹா ராஜிநாமாச் செய்தார். தேர்ந்தெடுக்கும் உரிமை சர்க்காருக்கு உண்டு. ஆயினும் மூத்தவரைத் தாண்டும்போது காரணத்தைத் தேசத்திற்குச் சொல்லும் கடமையும் உண்டென்பதே என் திடமான அபிப்பிராயம்.