குரங்குப் பிடியும் பூனைப் பிடியும்: திருப்புல்லாணிக் கபடி விமர்சன மரபு குறித்து ஓர் ஆய்வு

கபடி விமர்சனம் என்னும் சாத்திரம் எங்கே தோன்றியது என்பது பற்றி அறிஞர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இக்கட்டுரைக்குப் பெரிய வசதி. இராமநாதபுரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயிலைச் சுற்றி அமைந்த திருப்புல்லாணியே அதன் பிறப்பிடம் என்பதை இங்கே நிறுவப் போகிறோம். மறுப்புள்ளவர்கள் விளக்கு வைத்த பிறகு தேநீர்க் கடைக்கு வந்து சொல்லலாம். பெஞ்சில் இடம் இருக்கும்.

முதலில் சான்று. இராமன் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனிடம் வழி கேட்ட தலம் இது என்பது தலவரலாறு. வீடணன் அடைக்கலம் புகுந்ததும் இங்கேதான் என்பர். ஆட்டக்காரன் கண்ணால் பார்த்தால் நடந்தது என்ன? எதிரணியின் முக்கியமான ஆள் ஒருவர், தொடர் தொடங்குமுன், நான்கு துணையாட்களோடு அணி மாறி வருகிறார். எடுக்கலாமா வேண்டாமா என்று கடற்கரையிலேயே வாக்குவாதம். கூடவே கூடாது என்கிறான் சுக்ரீவன். எடுக்கலாம் என்கிறான் அனுமன். எல்லோரையும் பேசவிட்டுவிட்டுத் தலைவர் தம் மனத்தில் இருந்ததையே முடிவாகச் சொல்கிறார். ஆள் தேர்வு குறித்துத் தென்னாட்டில் நடந்த முதல் பொது விவாதம் இதுவே எனக் கொள்க.

அப்படி வந்த ஆள் கொடுத்த முதல் யோசனை, கடலிடம் வழி கேட்கலாம் என்பது. மூன்று இரவு கழிந்தது, பலன் பூச்சியம். இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், தவறினால் ரைடர் வெளியே என்பது புரோ கபடி லீக் பெருமையடித்துக்கொள்ளும் ‘டூ ஆர் டை’ விதி. மூன்றாம் இரவு கழிந்ததும் வில்லைக் கையில் எடுத்தது யார், எந்த ஊரில் என்பதை லீக் நிர்வாகம் ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும்.

பிறகு நளன். அணை கட்டிய கணக்கை வால்மீகி நாள்வாரியாகத் தருகிறார்: 14, 20, 21, 22, 23. ஐந்தே நாளில் 100 யோசனை. “முதல் நாள் வெறும் பதினாலுதானா?” என்று கரையில் உட்கார்ந்திருந்த வானரம் ஒன்றாவது முணுமுணுத்திருக்கும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சுவடியில் இல்லைதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் யாரும் அதை இடைச்செருகல் என்று சொல்ல மாட்டார்கள்.

இனி நிகழ்காலம். அதுவரை திருவிழா இரவுகளில் மண் தரையில் நடக்கும் ஆட்டங்களையே நம்பியிருந்த இக்கலைக்கு 2017-இல் ஒரு புரவலர் கிடைத்தார். புரோ கபடியின் ஐந்தாம் பருவத்தில் பிறந்த தமிழ் தலைவாஸ் அணிதான் அது. எந்தப் புரவலரும் இவ்வளவு தாராளமாகத் தோற்றதில்லை. முதல் இரண்டு பருவத்திலும் தன் பிரிவில் கடைசி. 2019-இல், ஏழாம் பருவத்தில், 12 அணிகளில் பன்னிரண்டாவது. வென்றுகொண்டே இருக்கும் அணியின் ரசிகனுக்கு விசிலடிப்பதைத் தவிர வேலை கிடையாது. இடது கார்னர் எப்போது முன்னே வர வேண்டும், வலது கவர் யாரைப் பார்த்து நகர வேண்டும் என்றெல்லாம் யோசிக்கும் கட்டாயம் தோற்பவனுக்குத்தான் வருகிறது. திருப்புல்லாணி யோசித்தது. யோசித்து இரண்டு கட்சியாக உடைந்தது.

உடைந்த விதம் கவனிக்கத்தக்கது. சரணாகதி பற்றி வைணவ ஆசாரியர்களிடம் இரண்டு நியாயங்கள் உண்டு. குட்டிதான் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்கு நியாயம், வடகலையார் கொள்கை. குட்டி சும்மா இருந்தாலே போதும், தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது பூனை நியாயம், தென்கலையார் கொள்கை. வீடணன் வந்து நின்ற ஊரில் இந்த வழக்கு கபடிக்கும் பரவியதில் வியப்பில்லை. ஆட்டக்காரன் பிடித்தால் புள்ளி, பிடிக்காவிட்டால் தோல்வி, கோச் என்பவர் ஓரத்தில் துண்டோடு நிற்கும் ஒரு மனிதர், அவ்வளவே என்பது குரங்குக் கட்சி. ஏழு பேரும் வெறும் குட்டிகள், யாரை எப்போது இறக்குவது, எப்போது வெளியே எடுப்பது என்று கவ்விச் செல்பவர் கோச்தான் என்பது பூனைக் கட்சி. இதில் மதக் கணக்குப் பார்க்க முடியாது. கீழக்கரையிலிருந்து தொழுகை முடித்து வருபவர் தீவிர வடகலை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் மீனவக் கிறிஸ்தவர் ஒருவர் தென்கலையில் ஊறியவர்.

ஏழாம் பருவம் பூனைக் கட்சிக்கு வேதம். அந்த அணியில் யார் இல்லை? 94 லட்சத்துக்கு எடுத்த ராகுல் சௌதரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், மோஹித் சில்லர். பற்றிக்கொள்ளத் தெரிந்த குரங்குகள் இத்தனை பேர் சேர்ந்தும் கடைசி இடம் என்றால் தாய் சரியில்லை என்றுதானே பொருள் என்று கேட்பர். பாதியில் கோச் எடச்சேரி பாஸ்கரன் விலகி உதயகுமார் வந்ததையும் தங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்வர். குரங்குக் கட்சி இதற்குச் சொல்லும் விடை சுருக்கமானது: “வயசாச்சு மாப்ள. ‘மேட்’ மேல ஷூ போட்டு ஓடுறதுக்கு மூட்டு வேணும்ல?” அஜய் தாக்கூர் தலைமையில்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்தியா ஈரானிடம் தோற்றது என்பதையும் சேர்த்துக்கொள்வர். 1990 முதல் ஒருமுறைகூடத் தவறாத தங்கம் அன்று தவறியது. ஒரு மனிதர்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமா என்று யாரும் கேட்பதில்லை. சாத்திரத்தில் இரக்கத்துக்கு அத்தியாயம் இல்லை.

ஆனால் இவ்வூரின் அறிவுத்திறன் முழுவதும் வெளிப்பட்டது 2022-இல், ஒன்பதாம் பருவத்தில். பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். லீக்கில் அதற்குமுன் யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டமே குஜராத்தோடு. ரைடரான அவர், எதிரணி ரைடரைப் பிடிக்கப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வெளியேறினார். பருவம் முழுக்க அவர் அதற்குப் பிறகு ஆடவில்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

ரைடர் ஏன் பிடிக்கப் போனார்? இவ்வொரு கேள்விக்கு இங்கே எழுந்த விளக்கங்களைத் தொகுத்தால் தனி உரைநூல் ஆகும். பாடிப் போகிறவன் பிடிக்கும் நேரத்தில் சும்மா நின்றாலே அணிக்குப் பெரிய உபகாரம் என்பர் ஒரு சாரார். ஏழு பேரில் ஒருவர் சும்மா நின்றால் எதிரி அந்தப் பக்கம்தான் வருவான், ஆகவே நிற்பதும் பிழை என்பர் மறுசாரார். அவ்வளவு விலை கொடுத்த பண்டத்தைப் பிடிக்க விட்டது கோச்சின் குற்றம் என்பது பூனைக் கட்சி. ஆட்டத்தின் வேகத்தில் கால் தானாக முன்னே போகும், அதைக் கோச்சென்ன, கூடப் பிறந்தவன்கூடத் தடுக்க முடியாது என்பது குரங்குக் கட்சி. தன் காலத்தில் சடுகுடு ஆடிய பெரியவர் ஒருவர் மட்டும், “மண்ணுல ஆடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுப்பு” என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவ வைத்தார். அவருக்கு இரு கட்சியும் பதில் சொல்லவில்லை. அது மூன்றாம் மதம்.

அதன்பின் நடந்தது இரு கட்சிக்கும் சங்கடம். பருவத்தின் நடுவிலேயே உதயகுமார் போய் ஆஷன் குமார் கோச்சாக வந்தார். புதுப் பையன் நரேந்தர் 200-க்கு மேல் ரைடுப் புள்ளி எடுத்தான். வெளியேற்றச் சுற்றில் உ.பி. யோதாஸோடு 36-36 என்று நின்று, டைபிரேக்கரில் 6-4 என்று வென்று, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். மும்பையில் புனேயிடம் 39-37 என்று தோற்றார்கள். வெற்றி ஆஷன் குமாருடையதா, நரேந்தருடையதா? வெற்றிக் காலத்தில் விவாதம் வற்றும் என்ற பொதுவிதிக்கு இது விலக்கு. அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் மட்டும் இங்கே எத்தனை முறை பிரித்துக் கோக்கப்பட்டது என்று கடைக்காரர் பால் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

இங்கே ‘அட்வான்ஸ் டேக்கிள்’ பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரைடர் உள்ளே ஆழமாக வருமுன் பொறுமையிழந்து பாய்ந்து, தொடுபுள்ளியைத் தாரை வார்ப்பது இது. தோல்விகளுக்கு இவ்வூர் காட்டும் காரணங்களில் தலையாயது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் யார் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார் என்று ஆள்வாரியாக எழுதத் தொடங்கியதே 1977-78 பருவத்தில்தான். நம் கடையில் நோட்டுப் புத்தகம் கிடையாது. ஆனால் எந்தக் கார்னர் எந்த ஆட்டத்தில் எத்தனை முறை அவசரப்பட்டான் என்பது மனப்பாடம். சொந்த மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள்.

2024-இல் பதினோராம் பருவத்துக்கு நிர்வாகம் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. தலைமைக் கோச்சாக உதயகுமாரை மறுபடி அழைத்து, உத்திக்கு என்று தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதனையும் சேர்த்துக்கொண்டது. ஒரே குட்டியை இரண்டு பூனைகள் கவ்வினால் விரைவாகப் போய்ச் சேரும் என்று எண்ணினார்கள் போலும். 2 கோடியே 15 லட்சத்துக்கு சச்சின் தன்வாரும் வந்தார். ஒன்பதாவது இடம். அன்று முதல் பூனைக் கட்சியில் உட்பிளவு: இரண்டில் எந்தப் பூனை சரியாகக் கவ்வவில்லை என்று.

ஆய்வு நெறிமுறை பற்றி ஒரு குறிப்பு. இவ்வூர் விமர்சகர்களின் கூற்றுகளில் பெரும்பகுதி “நான் அப்பவே சொன்னேன்ல” என்று தொடங்குகிறது. அப்போது சொன்னதைக் கேட்டவர் எவரும் இதுவரை முன்வரவில்லை. ஆயினும் மரபு அதை ஏற்கிறது. செவிவழிச் செய்தியை ஒதுக்கினால் இந்தக் கரையில் வரலாறு என்று எதுவும் மிஞ்சாது.

ஆகவே முடிபு: தோல்விக்குப் பூனை நியாயமும் வெற்றிக்குக் குரங்கு நியாயமும் பொருந்தும். தோற்றால் கோச், வென்றால் பையன். ஆஷன் குமாருக்கு இது அநீதி என்று பூனைக் கட்சி முறையீடு செய்திருக்கிறது. முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. சேதுக்கரைக்கு நீராட வருகிறவர்கள் திருப்புல்லாணியில் இறங்கிப் பெருமாளைச் சேவித்து, பாயசம் வாங்கிக்கொண்டு, கடையில் ஒரு தேநீரும் குடிக்கலாம். பவன் ஏன் பிடிக்கப் போனார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இராமநாதபுரத்துக்குக் கடைசிப் பேருந்து போய்விடும்.