பூட்டிய பீரோ
தாராவியில் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வரும் அண்ணன்மாருக்கு முதல் பாடமே ரகசியம் காப்பதுதான். பையன் சொன்னதெல்லாம் கோப்பில், கோப்பு பீரோவில், சாவி தொண்டு நிறுவன மேடத்தின் கைப்பையில். தொண்ணூறடிச் சாலைச் சந்துகளில் ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அங்கே ரகசியம் காப்பது பெரிய சாதனை.

சட்டமும் கறார்தான். வழக்கில் சிக்கிய சிறுவனின் பெயரையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிட்டால், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

ஆனால் செம்பூரிலிருந்து நன்கொடையாளர் வந்தால் படம் எடுக்காமல் விட முடியுமா? அதனால் ஆண்டறிக்கையில் பையனின் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, தோளில் பள்ளிப் பெயர் போட்ட பை, கீழே, "குடிகாரத் தந்தையின் மகன், இன்று திருந்தியவன்."

"நம்ம மூணாவது சந்துப் பையன்தானே?" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை, கண்ணாடி கூடப் போடாமல்.

கவலை வேண்டாம். பீரோ பூட்டியேதான் இருக்கிறது.