ஒட்டுத்தாளியல்: பி.ஈ. உரிமத் தேர்வை முன்வைத்து ஓர் ஆய்வு

தேர்வுகள் இருவகைப்படும். புத்தகத்தைத் திறந்தால் வெளியே அனுப்பப்படுவது ஒன்று. திறக்கத் தெரியாவிட்டால் தோற்பது மற்றொன்று. அமெரிக்காவில் சிவில் பொறியாளர்கள் எழுதும் பி.ஈ. உரிமத் தேர்வு (நம் ஊர்ப் பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 2021 அக்டோபர் வரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 8 மணி நேரம், 80 வினாக்கள். வகுத்தால் வினாவுக்கு 6 நிமிடம்.

உரிமத்தின் தோற்றம்பற்றி ஒரு சொல். 1907இல் வயோமிங் மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. பாசன நீருரிமை கேட்டு வந்த வரைபடங்களை வக்கீல்களும் நோட்டரிகளும் வரைந்து கையெழுத்திட்டிருந்ததே காரணம். ஆக, பொறியியல் உரிமம் வக்கீலிடமிருந்து வாய்க்காலைக் காக்கப் பிறந்தது என்பது துணிபு. இது நிற்க.

அன்று தேர்வர் கொண்டுவந்தவை: லிண்ட்பர்க் எழுதிய ஆயிரம் பக்கம் தாண்டிய கையேடு, எஃகுக்கு ஒரு விதித்தொகுப்பு, கான்கிரீட்டுக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று. இவை சூட்கேஸிலோ தள்ளுவண்டியிலோ வந்தன. இவற்றைப் படித்திருக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. அக்கொள்கையின் கருவிதான் ஒட்டுத்தாள், அதாவது பக்க ஓரத்தில் நாக்கு நீட்டும் வண்ணத் துண்டு.

ஒட்டுவோரை மூவகையாகப் பகுக்கலாம். மண்ணுக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம் என்போர் நிறவாதிகள். ஒவ்வொரு துண்டிலும் எறும்பெழுத்தில் தலைப்பு எழுதுவோர் பெயர்வாதிகள். எதையும் விடாமல் எல்லாப் பக்கத்திலும் ஒட்டுவோர் மிகுவாதிகள். இவர்கள் நான்கு மாதம் உழைத்து, புத்தகத்தை ஒட்டுத்தாளே இல்லாத நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். மூன்றாம் வகையின்மீது இவ்வாய்வாளனுக்குத் தனிப் பரிவு உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும்வரை கணக்குப் போட வேண்டியதில்லை அல்லவா?

இனி அன்றைய விதி. உதிரித்தாளுக்கு மண்டபத்தில் இடமில்லை. எல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் துண்டுக்கு அனுமதி உண்டு, ஒட்டாத கட்டுக்கு இல்லை. இங்கேதான் நூலோர் தடுமாறுகிறார்கள். காலை பத்தரை மணிக்குப் பசை தளர்ந்து ஒரு துண்டு மேசையில் விழுகிறது என்க. அது விழுந்த கணத்தில் உதிரித்தாளா? மறுபடி ஒட்டினால் குற்றம் நீங்குமா? தவறான பக்கத்தில் ஒட்டினால் விதிப்படி சரி, விடைப்படி பிழை. காற்றில் மிதக்கும் அரைநொடியில் அதன் சட்டநிலை என்ன என்பதற்கு உரையாசிரியர் எவரும் விடை தந்திலர்.

பென்சிலையும் வீட்டிலிருந்து கொண்டுவர அன்று அனுமதி இல்லை. தேர்வு நடத்தும் என்சிஇஇஎஸ் அமைப்பு தந்ததை வைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது. கால்குலேட்டரிலும் கேசியோ, எச்பி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகியவற்றின் குறிப்பிட்ட சில மாடல்களுக்கே நுழைவு. இவற்றில் ஆய்வுக்குரியது அதிகமில்லை. ஆனால் நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று மனப்பாடம் செய்துவிட்டு அங்கே போனவர் அடிக்கணக்கில் 32.2 என்று மாற்றிப் பழகுவதும், தண்ணீரின் எடை கன அடிக்கு 62.4 பவுண்டு என்று உறக்கத்தில் முணுமுணுப்பதும் தனி ஆய்வேட்டுக்கு உரியன.

2022இல் சிவில் தேர்வு கணினிக்கு மாறியது. சூட்கேஸ் வீட்டோடு நின்றது. ஒரே ஒரு கையேடும் விதித்தொகுப்புகளும் திரையிலேயே தரப்படுகின்றன. சொல்லைத் தட்டினால் தேடித் தரும். ஒட்டுத்தாளியல் வழக்கொழிந்தது என்று அவசரப்பட்டுக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. சான்றாக, 'கே' என்ற ஓரெழுத்தைக் கொள்க. மண்காரருக்கு அது பக்க அழுத்தக் குணகம். தூண் கணக்கில் பயனுறு நீளக் காரணி. நிலத்தடி நீர்க்காரருக்கு மண்ணின் நீர் கடத்துதிறன். பழைய புத்தகத்தில் எந்தக் 'கே' எங்கே என்பதைப் பழுப்புத் துண்டு அறிந்திருந்தது. தேடுபெட்டியோ எல்லாக் 'கே'க்களையும் பாரபட்சமின்றிக் கொண்டுவந்து நிறுத்தும். அவற்றுள் தமக்குரியதைத் தேர்வர் கண்டுபிடிப்பதற்குள் 6 நிமிடமும் தீர்ந்திருக்கும்.