கோடைக்கணக்கர்

சித்தூர், திருப்பதி நகரங்களிலும் நகரி, புத்தூர் போன்ற எல்லையோர ஊர்களிலும், ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் மூடியதும் வெளிப்பட்டு, ஜூன் 12ஆம் நாள் அவை திறக்கும்வரை ஓய்வறியாது இயங்கும் ஒரு வகைத் தந்தையைக் கோடைக்கணக்கர் என்று அழைக்கலாம். எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை ஏறத்தாழ ஏழு வார விடுமுறைக்குள் இணையவழிப் பாடங்களின் துணையால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கையும், உடல்நிலை இடங்கொடுத்தால் பத்தாம் வகுப்புக் கணக்கையும் கடக்கச் செய்துவிடுவதே அவருடைய கோடைகாலத் தொழில். இங்கே குறிப்பிடப்பட்ட உடல்நிலை பிள்ளையுடையது. தந்தையின் உடல்நிலைக்கு இக்காலத்தில் எக்குறையும் நேர்வதில்லை.

இவர் பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ தேவஸ்தானத்திலோ எழுத்தர் நிலையில் இருப்பவர். இளமையில் இன்டர்மீடியட் படிப்பில், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பின் ஆந்திரத்தில் தனிக் கல்லூரியில் படிக்கப்படும் ஈராண்டுப் படிப்பில், கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அடங்கிய எம்பிசி பிரிவை எடுத்து, 1986 முதல் அம்மாநிலத்துப் பொறியியல் இடங்களுக்கு வாயிலாக விளங்கிவந்த எம்செட் நுழைவுத்தேர்வை எழுதி, ஐந்து இலக்க ராங்க் ஒன்றைப் பெற்று, பிறகு பி.காம். படித்தவர். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் இவர், கணக்கு என்று வந்துவிட்டால் ‘போர்ஷன்’, ‘ஃபவுண்டேஷன்’, ‘ஃபர்ஸ்ட் ரிவிஷன்’ என்ற மூன்றாம் மொழிக்குத் தாவிவிடுவார். 2015இல் திருப்பதிக்கு ஐஐடியும், அதே ஆண்டில் ஐசர் என்னும் அறிவியல் ஆய்வுக் கல்வி நிறுவனமும் வந்து சேர்ந்தமை இவ்வகையினரின் பெருக்கத்துக்குப் பெரிதும் துணைசெய்தது. அருகிலுள்ள ஐஐடி சென்னையில் இருந்தவரை அது கிடைக்காமற் போனதற்குத் தொலைவையாவது காரணமாகக் காட்ட முடிந்தது. ஏர்ப்பேட்டுப் பக்கமே வளாகம் எழுந்துவிட்ட பின் அந்த ஆறுதலும் பறிபோயிற்று.

கோடைக்கணக்கரின் கொள்கை உள்ளூரில் விளைந்ததன்று. டல்லாஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியிருக்கும் மச்சான் வாரந்தோறும் தொலைபேசியில் அருளும் செய்திகளே அதன் ஊற்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் ஓர் ஏணியாக அடுக்கப்பட்டிருக்கிறது: முதலாம் இயற்கணிதம் ஓர் ஆண்டு, வடிவியல் அடுத்த ஆண்டு, இரண்டாம் இயற்கணிதம் அதற்கடுத்த ஆண்டு, பிறகு நுண்கணிதத்துக்கான முன்பயிற்சி, இறுதியில் நுண்கணிதம். கோடையில் வடிவியலை இணையவழியில் முடித்துவிட்ட மாணவர் பள்ளி திறந்ததும் ஒரு படி மேலே அமர்கிறார். டெக்சாஸ் மாநிலத்திலோ, பாடத்தைப் பள்ளியில் படிக்காமலே அதற்குரிய தேர்வில் நூற்றுக்கு 80 பெற்றுவிட்டால் அந்தப் படியைத் தாண்டியதாகக் கொள்ளும் விதியும் உண்டு. மச்சானின் மகள் இவ்வாறு ஒரு படி தாண்டிவிட்டாள் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தூரை வந்தடைகிறது. அன்று மாலைக்குள் ஒரு கோடைக்கணக்கர் உருவாகிவிடுகிறார்.

இதில் ஒரேயொரு இடர்ப்பாடு உண்டு: சித்தூரில் ஏணி இல்லை. இந்தியப் பாடத்திட்டத்தில் இயற்கணிதமும் வடிவியலும் புள்ளியியலும் ஒவ்வொரு வகுப்பிலும் சிறிது சிறிதாகக் கலந்தே பரிமாறப்படுகின்றன. ஆகவே தனியே எடுத்து முடித்துத் தாண்டுவதற்கு எதுவுமில்லை. கோடையில் ஒருவன் இருபடிச் சமன்பாடுகளைக் கரைத்துக் குடித்திருந்தாலும் ஜூன் 12 அன்று அவன் ஒன்பதாம் வகுப்பின் இரண்டாம் வரிசையிலேயே அமர்ந்து, மெய்யெண் என்றால் என்ன என்பதை முதலிலிருந்து கேட்டாக வேண்டும். வழியெல்லாம் மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு வந்து, ரயில்வே கேட்டில் எல்லாருக்கும் முதலாளாக நிற்கும் ஆட்டோவின் நிலைதான் அவனுடையது. தலைமையாசிரியரைக் கண்டு, பையனை நேரே பத்தாம் வகுப்பில் அமர்த்த இயலுமா என்று கோடைக்கணக்கர் கேட்பதும், அவர் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு விதிமுறைகளை விளக்குவதும் ஜூன் மாதத்தின் வழக்கமான நிகழ்வுகள்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் படலம் விரிவானது. ஐஐடிக்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து நடத்தும் என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தை இவர் முதலில் நாடுகிறார். அது கல்லூரி மாணவர்களுக்கானது என்பது இவரைத் தயங்கச் செய்வதில்லை; அதன் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன, மே மாதம் இடைவெளியில் கழிந்துவிடுகிறது என்பதே இவரை வாட்டுகிறது. அடுத்து, சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளை 2022இல் தொடங்கிய, ஒரே கணக்கைப் பல வழிகளில் அணுகிப் பார்க்கப் பழக்கும் இலவசப் பயிற்சி கண்ணில் படுகிறது. இத்துறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்த்திருப்பவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று அது, ஆனால் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “இதுல போர்ஷன் எங்க இருக்குது?” என்று கேட்டு இவர் அதை மூடிவிடுகிறார். முடித்ததாகக் கணக்குக் காட்ட முடியாத கல்வி இவருடைய நோக்குக்கு உகந்ததன்று. இறுதியில், நாற்பது நாளில் மூன்று வகுப்புக் கணக்கு என உறுதியளித்து, நாள்தோறும் எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதைப் பச்சைக்கோட்டில் காட்டும் கட்டணப் பாடம் ஒன்று வீட்டுக்குள் நுழைகிறது.

பையனின் தரப்பையும் பதிவுசெய்தல் முறையாகும். ஒரு காணொளியைக் கேட்க எத்தனை நேரம் ஆகும் என்பதைவிட, அதை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டால் எத்தனை நேரம் மிச்சமாகும் என்பதை அவன் முதல் நாளிலேயே கணக்கிட்டுவிடுகிறான். அக்கோடையில் அவன் தானாகப் போட்ட கணக்கு அநேகமாக அது ஒன்றே. ஐபிஎல் ஆட்டங்களும் இதே ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறுவதால், ஒலி அடக்கப்பட்ட பேராசிரியர் ஒரு சன்னலில் முக்கோணவியல் முற்றொருமைகளை நிறுவிக்கொண்டிருக்கையில் இன்னொரு சன்னலில் கடைசி ஓவர் ஓடுகிறது. மடிக்கணினியின் பின்புறத்தை மட்டுமே காணும் தந்தைக்கோ, பையனின் முகத்தில் தோன்றும் பதற்றம் கணிதத்தின் ஆழத்துக்குச் சான்றாகப் படுகிறது. மே மாதத்தில் திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வந்து, பைராகி வேடமும் பண்ட வேடமும் மாதங்கி வேடமும் பூண்டவர்கள் தெருக்களை நிறைக்கும்போது, ஒரு மணிநேர விடுப்பு கிடைக்கிறது. ஐந்து வேடங்களை எத்தனை வரிசைகளில் அணியலாம் என்பதைத் திரும்பி வந்ததும் வரிசைமாற்ற முறையில் கண்டு சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. நூற்றிருபது என்ற விடையைப் பையன் கோயில் வாசலிலேயே தொலைபேசியில் தெரிவித்து, விடுப்பை இரண்டு மணிநேரமாக நீட்டித்துக்கொள்கிறான்.

பெரும்பாலும் ஆவக்காய்க்கு மாங்காய் நறுக்கும் தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ எதிர்ப்பு எழும்போது, கோடைக்கணக்கர் சீனிவாச ராமானுஜனைத் துணைக்கு அழைக்கிறார். கும்பகோணத்துப் பையன் பதின்மூன்று வயதுக்குள் லோனியின் முக்கோணவியல் நூலைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தார் என்பது உண்மையே. பின்னர் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பில் மூழ்கிக் கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கைவிட்டார் என்பதும், அதனால் கல்லூரி உதவித்தொகையை இழந்து எஃப்.ஏ. தேர்விலும் தேறாமற் போனார் என்பதும் அவ்வளவுக்கு உண்மையெனினும், அப்பகுதி இவ்வீடுகளில் எடுத்துரைக்கப்படுவதில்லை. அந்தக் கார் கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்திய தனிப்பயிற்சி ஆசிரியர். ராமானுஜனை உருவாக்கிய நூல் ஒரு டியூஷன் வாத்தியாரின் கைவண்ணமே. தம் கட்சிக்கு வலுச்சேர்க்கும் இந்தச் செய்தி மட்டும் கோடைக்கணக்கருக்குத் தெரியாமற் போனது அவருடைய துரதிருஷ்டம்.

விரைவுபடுத்தல் தன்னளவில் குற்றமாகாது. அடுத்த வகுப்பின் நூலைத் தாமே தேடி எடுத்து இரவெல்லாம் படிக்கும் பிள்ளைகள் இவ்வூர்களிலும் இருக்கிறார்கள். தம் பிள்ளை இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது தந்தைக்குத் தெரியாதிருப்பதே அவர்களை இனங்காணும் எளிய வழி. கோடைக்கணக்கரின் மகனோ, எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு இரண்டு எக்ஸ் என்று விருந்தினர் முன் ஒப்பித்துவிட்டு, முக்காலையும் ஐந்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால் ஒன்பதில் ஐந்து என்கிறான். நுண்கணிதம் தெரிந்தவன் பின்னம் தெரியாமலா இருப்பான் என்று விருந்தினரும் அதை ஏற்றுக்கொள்கிறார்.

எனினும் இம்முயற்சி முற்றிலும் வீணாவதில்லை. பையன் தூங்கியபின், நாளைய பாடத்தைச் சரிபார்ப்பதற்காக என்று மடிக்கணினியின் முன் அமரும் தந்தை, மே மாத நடுவில் காணொளிகளைத் தம் பொருட்டே ஓடவிடத் தொடங்குகிறார். இன்டர் இரண்டாம் ஆண்டில் தமக்குப் பிடிபடாத பகுதிவாரித் தொகையிடல், இரண்டு சார்புகளின் பெருக்கலைப் பிரித்துத் தொகையிடும் அம்முறை, பல பத்தாண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில் அவருக்குப் புரிந்துவிடுகிறது. பச்சைக்கோடு நூறு விழுக்காட்டைத் தொடுவதும் அவருடைய கையால்தான். சான்றிதழ் பையன் பெயரில் வருகிறது. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்யப்பட்டுக் கூடத்தில், எம்செட் ராங்க் ஒருபோதும் மாட்டப்படாத ஆணியில் மாட்டப்படுகிறது.

அதன் படத்தை டல்லாஸுக்கு அனுப்பியதும் மறுமொழி உடனே வந்துவிடுகிறது. மச்சான் வாழ்த்துகிறார், வாழ்த்தோடு, தாண்டிவந்த வடிவியலில் மகளுக்கு அடித்தளம் சற்று ஆட்டங்காண்பதாகவும், இந்தியப் பிள்ளைகளைப் போல நிதானமாக ஒவ்வொன்றாகக் கற்பிப்பதே சரி என்று அங்குள்ள பெற்றோர் இப்போது கருதுவதாகவும் தெரிவித்து, அடுத்து விமானமேறுபவர் கையில் ஒன்பதாம் வகுப்பு ஆர்.டி.சர்மா கணக்குநூல் ஒரு பிரதியும் ஆவக்காய் இரண்டு கிலோவும் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொள்கிறார்.