ஜப்பானிலும் கொலுப்படி!

கேள்வி: கணவரின் வேலைக்காக ஜப்பான் போகிறோம். பண்டிகையே இல்லாத ஊரில் என் இரண்டு பெண்களும் வாடிப்போவார்களே? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பண்டிகை இல்லாத ஊரா? பிப்ரவரி தொடக்கத்திலேயே செட்சுபுன் வந்துவிடும். அப்பா பேய் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் வறுத்த சோயா மொச்சையை அவர்மேல் வீசி விரட்டுவார்கள். வேறு எந்த நாளில் இதற்கு அனுமதி கிடைக்கும்? பிறகு அவரவர் வயது எத்தனையோ அத்தனை மொச்சையை எண்ணிச் சாப்பிட வேண்டும். பாட்டிகளுக்கு அன்று நல்ல வேட்டை!

மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கே உரிய ஹினமட்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகள். உச்சியில் பேரரசரும் பேரரசியும். அடுத்த படிகளில் 3 பணிப்பெண்கள், 5 இசைக்கலைஞர்கள். நம் கொலுவேதான். ஆனால், முடிந்த கையோடு பொம்மைகளை எடுத்து வைத்துவிடுங்கள். தாமதித்தால் மகளின் கல்யாணமும் தள்ளிப்போகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு!

அன்றாடத்தில் முதலில் பழக வேண்டியது குப்பை அட்டவணை. எரிவதற்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒரு கிழமை. அடுப்படியில் ஒட்டி வையுங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிறு பரிசோடு அண்டை வீடுகளுக்குப் போய் வணக்கம் சொல்வது அங்குள்ள வழக்கம். அதற்காகப் பெட்டியில் முறுக்குக்கு இடம் ஒதுக்குங்கள்.