சிறுவாட்டியல்: ஓர் அறிமுகம்

சிறுவாடு என்பது வீட்டுச் செலவுப் பணத்திலிருந்தும் வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் சில்லறை வரவுகளிலிருந்தும் வீட்டுப் பெண்கள் அன்றாடம் ஒதுக்கிவைக்கும் தொகை. தொகை சிறிதாக இருக்க வேண்டும்; விடாமல் சேர வேண்டும்; இருக்குமிடம் சேர்த்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சிறுவாடு ஆகாது. அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. இந்த வகையில் சேராது. அதற்குப் பாஸ்புத்தகம் உண்டு. பாஸ்புத்தகத்தை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். மண் உண்டியலும் சேராது. அது உடைபடும் சத்தம் அடுத்த வீடு வரை கேட்கும்.

வரவுகளை ஈட்டியவை, மிச்சம் பிடித்தவை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஈட்டிய வரவில் கிராமத்துக்கு முதலிடம். பால் சொசைட்டியில் ஊற்றும் பாலுக்கு வரும் பணம் குடும்பக் கணக்கு. அதே மாட்டின் மோரும் வெண்ணெயும் வறட்டியும் பெண்ணின் கணக்கு. கோழி விஷயத்தில் இந்தப் பங்கீடுகூட இல்லை. கோழி, முட்டை, குஞ்சு, மூன்றும் சிறுவாட்டுச் சொத்து என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம். ஆனி, ஆடியில் பொறுக்கும் வேப்பங்கொட்டை, புளி குத்தும்போது ஒதுங்கும் புளியங்கொட்டை, கொல்லை முருங்கையின் காய் எல்லாம் இதில் அடங்கும். தலைவாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி எரவாணத்தில் செருகி வைத்தால், முடி வாங்குபவர் தெருவுக்கு வரும் நாளில் அதுவும் காசாகும், இல்லையென்றால் ஒரு எவர்சில்வர் கிண்ணமாகும்.

நகரத்தில் கோழிக்கு இடமில்லை. அதன் இடத்தைப் பால் கவர் பிடித்துக்கொண்டது. கழுவி, குழாயடிச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, அடுக்கிக் கட்டிய பால் கவர்கள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். கூடவே செய்தித்தாளும் போகும். இந்தத் துறையில் ஆய்வாளர்கள் இன்னும் சரியாகக் கவனிக்காத ஒரு உரிமை மாற்றம் இங்கே நடக்கிறது: சந்தா கட்டியவர் கணவர், எடைக்குப் போட்ட காசு மனைவிக்கு. படித்து முடித்த தாள்மீது கணவர்கள் உரிமை கோருவது அபூர்வம். தராசு முள்ளைச் சந்தேகிப்பதோடு அவர்களுடைய பங்கு முடிந்துவிடும்.

மிச்சம் பிடித்த வரவுக்கு அடிப்படை முழுதாக்கல் விதி. 43 ரூபாய்க்கு வாங்கிய கத்தரிக்காய் கணக்கில் 50 ஆகும். 40 ஆன வரலாறு இல்லை. ஆனால் எந்தப் பொருளிலும் இது செல்லும் என்று நினைப்பது கற்றுக்குட்டித்தனம். உப்பில் சிறுவாடு பிடிக்க முடியாது, அதன் விலை உறைக்குள் உட்கார்ந்திருக்கும். விலை தினமும் ஏறி இறங்கும் பொருளே இந்தச் சேமிப்புக்கு உகந்தது. அந்த வகையில் தக்காளிக்கு நிகர் எதுவுமில்லை. 2023 ஜூலையில் சென்னைச் சந்தையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளியை அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நின்று வாங்கிய தக்காளி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சந்தை விலையை அடைந்துவிட்டது என்றால், அதில் பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. நின்ற காலுக்கு அது கூலி.

கொசுறும் இந்த வரவில்தான் வரும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் காய்கறிக்காரர் சும்மா போட்டுக் கொடுப்பவை. வீட்டுக் கணக்கிலோ அவற்றுக்குப் பத்து ரூபாய் விலை உண்டு.

அரசு தரும் சலுகைகள் சிறுவாடா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மிச்சம் உண்மைதான். ஆனால் மேடை போட்டு அறிவித்த மிச்சத்தை எந்த டப்பாவில் ஒளிப்பது? 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே குறை. தேதி தெரியும், ஆயிரம் என்ற தொகையும் தெரியும், குறுஞ்செய்தி வேறு வந்து சேரும். அந்த மாதமே வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஆயிரத்தைக் குறைத்துக்கொண்ட கணவர்களும் உண்டு. ஆகவே இவை வருமானம். சிறுவாடு வேறு.

சட்டைப் பை வரவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டை ஆணியில் தொங்கும்வரை பையிலுள்ள பணம் கணவருடையது. அழுக்குக் கூடையில் விழுந்த கணத்தில் உரிமை கைமாறுகிறது. இதில் தேர்ந்தவர்கள் ஐநூறு ரூபாய்த் தாள் கிடைத்தால் அன்றே, நாலு பேர் இருக்கும்போது, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பத்து, இருபதுகளைப் பற்றி அடுத்த ஒரு வருடத்துக்குக் கேள்வி எழாது. இதை முதலீடு என்று வகைப்படுத்துவதே பொருத்தம்.

இருப்பிடத்துக்கு வருவோம். சாமி படத்தின் பின்புறம் பழைய நூல்கள் பரிந்துரைக்கும் இடம். ஆனால் அங்கே வீட்டார் எல்லோரும் கை நீட்டுவதால் அது பாதுகாப்பில்லை. பீரோவில் புடவை அடுக்குக்குக் கீழே விரித்த செய்தித்தாளின் அடியும் ஊரறிந்த இடமாகிவிட்டது. சமையலறைதான் தக்கது. அதிலும் அடிக்கடி திறக்கும் டப்பா ஆகாது. காபிப் பொடி டப்பாவைக் கணவரே திறந்துவிடக்கூடும். வெந்தயம், மணத்தக்காளி வற்றல், சுக்கு ஆகியவற்றின் டப்பாக்கள் ஆண் கை படாதவை. தாளை நான்காக மடித்து, காய்ந்த பால் கவரில் சுற்றி, வெந்தயத்துக்குள் புதைப்பது முறை. இப்படிச் சில மாதம் கிடந்த நூறு ரூபாய்த் தாளைக் கல்லாவில் போடும்போதே எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று மளிகைக் கடைக்காரர் வாசனையிலேயே சொல்லிவிடுவார். சொல்வதில்லை; அது அவருடைய தொழில் தர்மம்.

சிறுவாட்டின் பயன் கடனில்தான் முழுதாக வெளிப்படுகிறது. மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் கணவர் கேட்பார். முதல் பதில் "எங்கிட்ட ஏதுங்க?" என்பதாக இருக்க வேண்டும். சட்டென்று எடுத்துக் கொடுத்தால் இருப்பு தெரிந்துவிடும். சற்று நேரம் கழித்து, "பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லை வழியாகப் போய், கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பி வந்து பணத்தைக் கொடுப்பது மரபு. இந்தச் சுற்று வீண் அல்ல. மனைவியிடம் வாங்கிய பணம் திரும்பாது; பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிய பணம் முதல் தேதியே திரும்பும். அக்கா வட்டி கேட்டதாகச் சொன்னால் வட்டியும் வரும். இதே காரணத்துக்காக அந்த அக்காவும் தன் வீட்டில் இவரிடம் கடன் வாங்கியதாகச் சொல்லிவருகிறார். இரு வீட்டுக் கணவர்களும் தெருவில் சந்தித்தால் ஒருவரையொருவர் நன்றியோடு பார்த்துக்கொள்வார்கள்.

இந்த அமைப்பு கண்ட பெரிய நெருக்கடி 2016 நவம்பர் 8 இரவு வந்தது. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, பத்தும் இருபதுமாகச் சேர்த்ததை அப்படியே வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். டப்பாவில் இடம் அடைக்கிறதே என்று கடையில் கொடுத்து ஐநூறாக மாற்றிவைத்த சாமர்த்தியசாலிகள் மாட்டிக்கொண்டார்கள். வெந்தயத்திலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் பணம் கூடத்துக்கு வந்தது. பல கணவர்களுக்கு அன்றைய அறிவிப்பைவிட அதுதான் அதிர்ச்சி. இல்லத்தரசிகள் 2.5 லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் கேள்வி இல்லை என்று அரசு சொன்னது. அப்படியும் ஒருவர் கணக்கு வருமான வரித் துறையின் கண்ணில் பட்டு, வழக்கு ஆக்ரா தீர்ப்பாயம் வரை போயிற்று. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த அந்தத் தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ள முடியாது என்று 2021-ல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. சிறுவாட்டுக்குக் கிடைத்த சட்ட அங்கீகாரமாக இதைக் கருதலாம். 2023-ல் 2000 ரூபாய்த் தாள் திரும்பப் பெறப்பட்டபோது கூடத்துக்கு எதுவும் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் நூறுகளுக்குத் திரும்பியிருந்தார்கள்.

அதைவிட மெதுவான, ஆனால் ஆழமான பாதிப்பு கைபேசியில் பணம் அனுப்பும் பழக்கத்தால் வந்தது. 43 ரூபாய் 43 ரூபாயாகவே போகிறது. முழுதாக்கல் விதி செல்லுபடியாகவில்லை. மீதிச் சில்லறை என்ற ஒன்றே இல்லை. எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று கணவரின் கைபேசியில் வரிசையாக நிற்கிறது. சட்டைப் பையிலும் இப்போது பஸ் டிக்கெட்தான் கிடைக்கிறது.

துறை அழிந்துவிடும் என்று சிலர் கணித்தார்கள். அதற்குள் மளிகைக் கடைகளில் வேறொரு முறை வந்துவிட்டது. 380 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, 500 ரூபாய் ஸ்கேன் செய்து, மீதி 120 ரூபாயைக் கையில் வாங்கிக்கொள்வது. கணவரின் கைபேசியில் 500 என்று மட்டும் தெரியும். கடைக்காரருக்கும் கல்லாவில் தேங்கிய பத்து ரூபாய்த் தாள்களைத் தள்ளிவிட இது வசதியாக இருக்கிறது. இதற்கென்று அவர் கமிஷன் எதுவும் எடுப்பதில்லை. துண்டுச் சீட்டில் 500 என்றே எழுதித் தரவும் அவருக்கு ஆட்சேபம் இல்லை.