ஃபைல் அப்பா

அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம் நடக்கிற நாளில், டோக்கன் கொடுப்பவர் வருவதற்கு முன்பே வந்து நிற்பவர்தான் அவர். தோளில் பையனின் தண்ணீர் பாட்டில். கழுத்தில் ஒரு பெரிய ஹெட்போன், அதுவும் பையனுடையது. கூட்டத்தில் எவனாவது ஹாரன் அடித்தால் அடுத்த நொடி காதுக்குப் போக வேண்டும். கக்கத்தில் பட்டன் வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைல். "ஒரிஜினல் இருக்கா?" என்று ஊழியர் கேட்டு முடிப்பதற்குள் ஒரிஜினல், ஜெராக்ஸ், கையெழுத்து வாங்கிய ஜெராக்ஸ் மூன்றும் மேஜையில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் போட்டோ ஒட்டப் பசை தேடினால், பசையும் அந்த ஃபைலிலிருந்தே வரும்.

பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். மற்ற அப்பாக்கள் பிள்ளையின் ரேங்க்கைச் சொல்கிற இடத்தில் இவர் கார்டின் நிறத்தைச் சொல்வார். தனித்துவ அடையாள அட்டையில் 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். "நாங்க மஞ்சள்" என்று அவர் சொல்லும்போது, புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ கட்சி என்று நினைத்துப் பேச்சை மாற்றுவார்கள். ஆபீசில் வரிக் கணக்கு போடும் மாதத்தில் மட்டும் அவருக்குத் தனி மவுசு. 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000, அதுவும் பழைய வரி முறையில்தான், ஆட்டிசத்துக்கு 10-ஐஏ படிவம் என்று ஆடிட்டருக்கே பாடம் எடுப்பார்.

அந்தச் சதவீதம் வந்த கதை தனி. இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால் தீவிரம். கண்ணைப் பார்ப்பதில்லையா, வழக்கம் மாறினால் ஒத்துக்கொள்வதில்லையா, தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லையா என்று கேள்விகள் போகும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு மனசுக்குள் மார்க் போட்டுப் பார்த்தார். ஊஞ்சலில் அதே மூலை, அதே டம்ளர், பேப்பரை வேறு யாராவது முதலில் பிரித்துவிட்டால் நாள் முழுக்கக் கோபம். பாதிக் கேள்வி தாண்டுவதற்குள் எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்கு ஏறவே, மரியாதை கருதி நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பாவுக்கும் இவர்மேல் வருத்தம் உண்டு. வசம்பை உரசி நாக்கில் தடவியிருந்தால் பையன் எப்போதோ பேசியிருப்பான் என்பது அவர் கட்சி. கூடவே ஐன்ஸ்டீனைத் துணைக்கு அழைப்பார். அவரும் லேட்டாகத்தான் பேசினாராம். ஃபைல் அப்பாவிடம் இதற்கும் பதில் தயார். தங்கை பிறந்தபோது, இதற்குச் சக்கரம் எங்கே என்று ஐன்ஸ்டீன் கேட்டதாக அந்தக் குடும்பத்திலேயே ஒரு கதை உண்டு; அப்போது அவருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா வசம்பிலிருந்தே ஆரம்பிப்பார்.

ஸ்கூல் அட்மிஷன்தான் அவருடைய ஆடுகளம். "எங்க ஸ்கூல் இவனுக்கு செட் ஆகாது சார், அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று பிரின்சிபால் தேன் தடவிப் பேசுவார். இவர் குரலை உயர்த்துவதே இல்லை. 1995-ம் வருடச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான், அதில் ஆட்டிசம் கிடையாது, 2016 சட்டத்தில் 21 வகை, அதில் உண்டு, அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு என்று காய்கறிக் கணக்கு சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து நீட்டுவார். "முடியாதுன்னா பரவாயில்ல மேடம், அதை மட்டும் எழுதிக் குடுத்திருங்க." எழுதிக் கொடுத்த பிரின்சிபால் இதுவரை யாரும் இல்லை. சேர்த்துக்கொண்டவரும் ஒருவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடான மனிதரைக் கவிழ்க்கச் சென்னையின் நவம்பர் மழை போதும். ஃபிரிட்ஜ் கதவில் வெல்க்ரோ வைத்து ஒட்டிய படங்கள்: பிரஷ், குளியல், இட்லி, யூனிஃபார்ம், வேன். பையனின் காலை அந்த வரிசையில்தான் ஓடும். ஷூ லேஸ் வரை கட்டியான பிறகு, இன்று பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவிக்கிறார். ஐந்து வயதுத் தங்கை சோபா மேல் ஏறிக் குதிக்கிறாள். அண்ணன் வேன் படத்தைப் பிய்த்துக் கையில் பிடித்தபடி, வாசலைப் பார்த்து அலறுகிறான். ஒரே செய்தி, ஒரே ஹால். ஒருத்திக்குத் தீபாவளி, ஒருவனுக்குப் பிரளயம்.

வேறு வழியில்லாமல் அப்பா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, யூனிஃபார்மோடு பையனை ஸ்கூட்டரில் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் பள்ளி வரை போனார். பூட்டிய கேட்டைப் பையன் தொட்டுப் பார்த்தான், பூட்டை இரண்டு முறை ஆட்டினான், திருப்தியாகத் திரும்பி வண்டியில் உட்கார்ந்துகொண்டான். வாட்ச்மேன்தான் ரொம்ப நேரம் குழம்பிப் போயிருந்தார். அன்று முதல் ஃபிரிட்ஜில் குடைப் படம் போட்ட ஒரு கார்டு கூடுதலாக இருக்கிறது. வெதர்மேன் பதிவைப் பார்த்துவிட்டு முந்தின இரவே அதை ஒட்டிவிடுகிறார். கார்டு ஒட்டிய பிறகு வெயில் அடித்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் கார்டு இல்லை.

நனைந்து வீட்டுக்கு வந்தால் மகள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "அவனை மட்டும் ரவுண்டு கூட்டிட்டுப் போற!" அவள் குற்றப்பத்திரிகை நீளமானது. அண்ணனுக்கு ஆக்குபேஷனல் தெரபியில் ஊஞ்சல், ஸ்பீச் தெரபியில் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஜெம்ஸ். தான் நாள் முழுக்கப் பேசுகிறாள், ஒரு ஜெம்ஸ் உண்டா? போட்டோ போட்ட கார்டு அவனுக்கு இருக்கிறது, தனக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லாததால் அப்பா தலையைச் சொறிந்தார். கடைசியில் அம்மாதான் தீர்ப்பு சொன்னாள்: வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம் அப்பா அவளுக்கு மட்டும். ஃபைல் கூடாது, போன் கூடாது, அண்ணன் பேச்சும் கூடாது. முதல் வியாழன் பூங்காவில் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே "கோர் மசில் நல்லா ஸ்ட்ராங்கா இருக்குடா உனக்கு" என்று அவர் ஆரம்பிக்க, அவள் அவரை முறைத்தாள்.

போன வாரம் மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். இரண்டு வயது மகன், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "சார், மாமியார் ஆம்பளைப் பசங்க லேட்டுன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ..." என்று நிறுத்தினாள். மனைவி அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்றே 20 கேள்விகளில் ஒரு பரிசோதனை இருக்கிறது, அது முடிவு அல்ல, அடுத்து டாக்டரைப் பார்க்கலாமா என்று காட்டும் அவ்வளவுதான், காத்திருந்து பார்ப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று அவர் நிதானமாகச் சொன்னார். ஒரு பிரிவு எண்கூட வாயில் வரவில்லை. மனைவியே ஆச்சரியப்பட்டாள்.

வாசல் வரை போன பெண்ணை மறுபடி கூப்பிட்டார். "ஒரு நிமிஷம்மா. எந்தப் பேப்பர் குடுத்தாலும் மூணு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருங்க."